கடுகெண்ணெய் வந்த பிறகு

சென்னைக்காரர்கள் பலருக்கும் கும்மிடிப்பூண்டி என்பது மின்சார ரயிலின் நெற்றியில் எரியும் பெயர். அந்த வண்டியில் ஏறுவார்கள். திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ இறங்கிவிடுவார்கள். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிக் கடைசி வரைக்கும் உட்கார்ந்து வருகிறவர்கள் அவர்களில் குறைவு. "அங்கே ஃபாக்டரியைத் தவிர என்ன சார் இருக்கு?" என்று கேட்கிறார்கள். அங்கே ஒரு கடைவீதி இருக்கிறது. ஒரு காலத்தில் செழித்து, பிறகு படுத்து, மறுபடி எழுந்த கடைவீதி. நான் அதில் வளர்ந்து, அதிலேயே கல்லாவில் உட்கார்ந்து தலை நரைத்தவன். அது யாரால் எழுந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று கொஞ்ச காலமாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. ஊரில் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அப்பா திசையன்விளைப் பக்கத்துக்காரர். அறுபதுகளில் சித்தப்பா ஒருவரின் கடையில் எடுபிடியாக வந்து சேர்ந்து, பிறகு தனியாக ஒரு மளிகைக்கடை போட்டார். மூன்று பலகைக் கடை. முன்னால் உப்பு மூட்டை, உள்ளே மண்ணெண்ணெய் பீப்பாய், மேலே கயிற்றில் தொங்கும் வாழைத்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

அன்றைய பஜாருக்கு மூன்று திசையிலிருந்து ஜனம் வரும். மேற்கே மாதர்பாக்கம், பாதிரிவேடு பக்கத்து விவசாயிகள் நெல்லும் வேர்க்கடலையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கிழக்கே சுண்ணாம்புக்குளம், பழவேற்காடு ஏரிப் பக்கத்திலிருந்து கூடைக்காரம்மாக்கள் மடவையும் நண்டும் இறாலும் சுமந்து வருவார்கள். காலை பத்து மணிக்குள் கூடை காலியாகிவிடும். வடக்கே ஆரம்பாக்கம் தாண்டித் தடை, சூலூர்ப்பேட்டைப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள். கல்கத்தாவுக்குப் போகும் ஜி.என்.டி. ரோடு ஊருக்குள்ளேயே ஓடியது. லாரிகள் நிற்கும், டிரைவர்கள் டீ குடிப்பார்கள், பீடிக்கட்டு வாங்குவார்கள்.

மொழி இங்கே எப்போதும் கலப்புதான். 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி நம் பக்கம் வந்தது. சத்தியவேடும் பழைய பொன்னேரி தாலுகாவின் பல கிராமங்களும் ஆந்திராவுக்குப் போயின. கோடு காகிதத்தில் மாறியதே தவிர, சம்பந்தம் கொடுப்பதும் சாமான் வாங்குவதும் மாறவில்லை. அப்பா ஆறே மாதத்தில் கடைத் தெலுங்கு கற்றுக்கொண்டார். விலையைத் தெலுங்கில் சொல்வார், கணக்கைத் தமிழில் எழுதுவார், கோபம் வந்தால் திருநெல்வேலியில் திட்டுவார்.

வியாபாரம் முழுக்கக் கடன் நோட்டில்தான் நடந்தது. "அறுப்புக்குத் தர்றேன் அண்ணாச்சி" என்று சொல்லிப் பருப்பும் புளியும் வாங்கிப்போவார்கள். கடலை பிடுங்கினதும் மூட்டை மூட்டையாகக் கடை வாசலில் வந்து விழும். அந்தப் பருவத்தில் பஜார் முழுக்கப் பச்சைக் கடலை வாசனை அடிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு வேலை கடலையில் கல்லும் மண்ணும் பொறுக்குவது. மழை பொய்த்த வருஷம் நோட்டில் வரவுப் பக்கம் வெள்ளையாகவே கிடக்கும். அப்பா யாரையும் வாசலில் போய் நின்று கேட்டதில்லை. "பூமி குடுக்கல, அவன் எங்க இருந்து குடுப்பான்" என்பார்.

1979-இல் மின்சார ரயில் வந்தது. ஊரே திருவிழாக் கொண்டாடியது. புகையில்லாமல், கரியில்லாமல், நினைத்தால் பட்டணம் போய் வரலாம். பஜாருக்கு அதன் விலை என்ன என்பது அடுத்த சில வருஷத்தில் தெரிந்தது. கல்யாண ஜவுளி என்றால் முன்பு எங்கள் தெருவிலிருந்த இரண்டு கடைகளில்தான் எடுப்பார்கள். இப்போது கொருக்குப்பேட்டையில் இறங்கி வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு நடந்துவிட்டார்கள். பாத்திரம் பாரிமுனையில், நகை தி. நகரில். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்து, அந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழும்பியபின் போக்குவரத்து இன்னும் சுலபமாயிற்று. எங்கள் தெருவுக்கு மிஞ்சியது தினசரிச் செலவு: அரைக்கால் படி உளுந்து, ஒரு கட்டு பீடி, தலைவலி மாத்திரை. அவசரத்துக்கு வாங்கும் கடைவீதி ஆகிப்போனோம்.

பிறகு பைபாஸ் வந்தது. லாரிகள் ஊருக்கு வெளியே பறக்க ஆரம்பித்தன. ரோட்டோர டீக்கடைகளும் பஞ்சர் கடைகளும் மூட்டை கட்டிக்கொண்டு பைபாஸ் ஓரத்துக்கு ஓடின. ஜவுளிக்கடை இரண்டில் ஒன்று மூடப்பட்டு, அந்த இடத்தில் அடகுக்கடை வந்தது. கடைவீதியில் அடகுக்கடைகள் பெருகினால் ஊருக்கு வியாதி வந்திருக்கிறது என்று அர்த்தம் என்பார் அப்பா.

இந்த இடத்தில் ஊர்க்காரர்கள் வழக்கமாகச் சொல்வது, "சிப்காட் வந்துச்சு, ஊர் பிழைச்சுது" என்பது. அதுதான் நான் சொன்ன பாதிக் கதை. சிப்காட் தொழிற்பேட்டை எண்பதுகளில் வந்தது. பஜார் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் படுத்தேதான் கிடந்தது. காரணம் லேசானது. ஆலையில் பேனா பிடித்தவர்கள் கம்பெனி பஸ்ஸிலும் ரயிலிலும் சென்னையிலிருந்து வந்து, சாயங்காலம் சென்னைக்கே திரும்பினார்கள். சம்பளம் கும்மிடிப்பூண்டியில், செலவு பெரம்பூரில். ஆலைக்குள் வேலை செய்த உள்ளூர்ப் பையன்கள் சிறுபுழல்பேட்டை, பெத்திக்குப்பம் மாதிரிச் சுற்றுக் கிராமங்களிலிருந்து சைக்கிளில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து போனார்கள். வீட்டில் நெல் இருந்தது, கொல்லையில் முருங்கை இருந்தது. அவர்கள் வாங்கித் தீர வேண்டிய சாமான் கொஞ்சம்தான். இரும்பை உருக்கும் ஆலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் பெருகப் பெருக எங்களுக்கு நேரடியாக வந்து சேர்ந்தது தூசிதான். மொட்டை மாடியில் காயப்போட்ட அப்பாவின் வெள்ளை வேட்டி சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் நிறத்தில் இருக்கும். அம்மா கடைசியில் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிவிட்டாள்.

இங்கேயே படுத்து, இங்கேயே சமைத்து, இங்கேயே வாங்குகிற ஜனம் முதலில் வந்தது ஆலையால் அல்ல, யுத்தத்தால். 1990 வாக்கில் இலங்கைத் தமிழர்களுக்கான முகாம் எங்கள் ஊரில் அமைந்தது. கையில் பையோடு, சிலர் அதுவும் இல்லாமல் வந்தார்கள். அரசாங்கம் கொடுத்த பணக்கொடை சொற்பம்; ஆனால் அது மாதா மாதம் வந்தது, எங்கள் தெருவிலேயே செலவாயிற்று. தேயிலையைப் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். பால் கலக்காமல் குடிப்பவர்களுக்குத் தூளின் குணம் தெரிந்துவிடும். அதுவரை அப்பா ஒரே ரகத் தூள்தான் வைத்திருந்தார். அவர்களுக்காக இரண்டு ரகம் வைத்தார். ஆண்கள் பெயிண்டிங் வேலைக்குப் போனார்கள். சென்னையிலும் சுற்றுவட்டத்திலும் எத்தனை கட்டடங்களுக்கு அவர்கள் சாரத்தில் தொங்கிச் சுண்ணாம்பும் வண்ணமும் பூசியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. சனிக்கிழமைக் கூலி வாங்கிவந்து, வண்ணம் ஒட்டிய கையாலேயே நோட்டை நீட்டுவார்கள்.

அவர்களுக்கும் கடன் நோட்டுப் போட்டார் அப்பா. பக்கத்துக் கடைக்காரர், "எந்நேரமும் கப்பல் ஏறிப் போயிடுவாங்க அண்ணாச்சி, கடன் குடுக்காதீங்க" என்றார். அப்பா சிரித்தார். "நான் மட்டும் எங்க இருந்து வந்தேன்? என்னையும் ஒருத்தன் நம்பித்தான் மொத மூட்டைய எறக்கினான்" என்றார். அவர்களுடைய குழந்தைகள் முகாமிலேயே பிறந்து, வளர்ந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டன. இன்னும் குடியுரிமை இல்லை. கடன் நோட்டில் மட்டும் ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வடக்கிலிருந்து ஆள் வரத் தொடங்கியது. முதலில் ஒடிசா, பிறகு பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம். உலை முன்னால் நிற்கும் வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. படித்த பையன்கள் எல்லை தாண்டிப் போனார்கள். 2008 முதல் சத்தியவேடு, தடைப் பக்கத்தில் ஸ்ரீசிட்டி தொழில்நகரம் எழுந்தது. 1960-இல் நாம் விட்டுக்கொடுத்த பக்கத்துக்கு இப்போது நம் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறார்கள். அவர்கள் விட்ட இடத்தை வடக்கத்திப் பையன்கள் நிரப்பினார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கடையில் ஒரு பையன் வந்து நின்றான். பதினெட்டு வயசுக்கு மேல் இருக்காது. புருவ மயிர் உலைச்சூட்டில் கருகியிருந்தது. "சர்சோன் தேல்" என்றான். அப்பாவுக்குப் புரியவில்லை. பையன் கடை முழுக்கக் கண்ணை ஓட்டி, கடுகு டப்பாவைக் காட்டி, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அழுத்திப் பிழிந்து காட்டினான். கடுகெண்ணெய். அதைச் சமையலுக்கு ஊற்றுவார்கள் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இல்லை என்று கை விரித்தேன். அவன் நல்லெண்ணெயை மோந்து பார்த்துவிட்டு, வேண்டாமென்று தலையாட்டி, உருளைக்கிழங்கு மட்டும் வாங்கிக்கொண்டு போனான்.

அப்பா அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்கான்லா, அப்ப வாங்கிப் போடணும்" என்றார். திங்கட்கிழமை என்னைச் சௌகார்பேட்டைக்கு அனுப்பினார். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் அலைந்து ஒரு டின் வாங்கி, ரயிலில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வந்தேன். மூடி சரியில்லை, பெட்டி முழுக்க நெடி. எண்ணூரில் ஏறிய அம்மா ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டாள். என் அம்மாவும் கடைக்குள் வரமாட்டேன் என்றாள். அந்த டின் இத்தனை நாள் வரும் என்று நாங்கள் போட்ட கணக்கு தப்பிவிட்டது. அடுத்த ஞாயிறு மாலைக்குள் டின்னைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தோம். யார் யாருக்குச் சொன்னானோ, கண்ணாடி பாட்டிலும் பிளாஸ்டிக் பாட்டிலுமாகக் கூட்டமாக வந்து நின்றார்கள்.

எங்கள் பஜார் மறுபடி எழுந்தது அந்த மாதிரிச் சாயங்காலங்களில்தான்.

கடுகெண்ணெய்க்குப் பின்னால் ஒவ்வொன்றாக வந்தது. வறுத்த கடலைமாவான சத்து, கோதுமை மாவு, கெட்டி அவல், மூட்டை மூட்டையாகப் பொரி, பஞ்ச்போரன் என்கிற ஐந்து விதைக் கலவை. வங்காளத்துக்காரர்களுக்கும் ஒடிசாக்காரர்களுக்கும் கடல் மீன் அவ்வளவாக இறங்காது. குளத்து மீன்தான் மீன். ஆந்திராக் குளங்களிலிருந்து ஐஸ் பெட்டியில் கட்லாவும் ரோகுவும் வந்தன. பழவேற்காட்டு நண்டோடு அவற்றையும் கூறு கட்டி வைத்து, "தாஜா மச்லி" என்று கூவக் கற்றுக்கொண்டார்கள் எங்கள் மீன்காரம்மாக்கள். ஒருத்தியிடம் கேட்டேன், "ஏம்மா, இந்தி எங்க கத்துக்கிட்ட?" "காசு கத்துக் குடுக்குது நைனா" என்றாள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் பஜாரில் நடக்க இடமிருக்காது. முதல் வாரச் சம்பளம் போட்டுவிட்டால் ஒன்பது மணிக்கும் ஷட்டரை இறக்க முடியாது. நாலு பேர், ஐந்து பேர் சேர்ந்து வருவார்கள். ஒருவன் கணக்குப் பார்ப்பான், ஒருவன் பேரம் பேசுவான், மற்றவர்கள் பை பிடிப்பார்கள். அறைக்கு ஒரு சமையல், செலவைத் தலைக்கு வகுப்பார்கள். நடைபாதையில் ஜீன்ஸ், சட்டை, மார்கழியில் கம்பளி. செல்போன் கடைகளில் போஜ்புரிப் பாட்டு. ஹோலிக்கும் சட் பூஜைக்கும் முந்தின வாரங்களில் சக்கரம் வைத்த பெரிய பெட்டிகள் மலையாகக் குவிந்திருக்கும். ஊருக்குப் போகிறவன் வெறுங்கையோடு போகமாட்டான். பெண்டாட்டிக்குப் புடவை எடுக்க வரும் பையன்கள், துணியைத் தங்கள் தோளிலேயே போட்டு வீடியோ அழைப்பில் காட்டுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து தலையாட்டல் வந்தால்தான் பில். எம்.சி. ரோட்டுக்குப் போன ஜவுளி வியாபாரத்தில் ஒரு பங்கு எங்கள் தெருவுக்கு இப்படித் திரும்பி வந்தது.

பூசணிக்காய் வியாபாரிகளுக்கு வருஷத்தில் இரண்டு ஆயுத பூஜை. செப்டம்பர் 17-இல் வடக்கத்திக்காரர்களின் விஸ்வகர்மா பூஜை, பிறகு நம் பூஜை. பொரி, சாமந்தி, வாழைக்கன்று எல்லாம் இரண்டு தடவை விற்கிறது.

பணம் அனுப்புவது ஒரு தனித் தொழிலாகவே இருந்தது. முதலில் தபாலாபீஸ் மணியார்டர். படிவம் எழுதிக் கொடுக்க ஓர் ஆள். பிறகு வங்கி வாசலில் வரிசை. அப்புறம் நூற்றுக்கு இவ்வளவு என்று கமிஷன் எடுத்துக்கொண்டு அனுப்பும் கடைகள். இப்போது எல்லாம் கைக்குள் போன் பார்த்துக்கொள்கிறது. கமிஷன் கடைகள் செல்போன் உறை விற்கின்றன.

இன்னொன்று பார்த்திருக்கிறேன். ஹவுராவுக்குப் போகும் பெரிய வண்டிகள் எங்கள் நிலையத்தில் நிற்காமல் விசிலடித்துக்கொண்டு போகும். ஊருக்குப் போகிறவன் முதலில் லோக்கலில் தெற்கே சென்ட்ரலுக்குப் போய், பெரிய வண்டியில் இடம் பிடித்து, ஒரு மணி நேரத்தில் தன் அறையைத் தாண்டியே மறுபடி வடக்கே போவான். 2023 ஜூன் 2-ஆம் தேதி பாலசோரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானபோது பஜார் அன்று இரவு தூங்கவில்லை. சென்னைப் பக்கம் வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் நிறையப் பேர் அந்த வண்டியில் இருந்தார்கள். ரீசார்ஜ் கடைகளில் பையன்கள் திரும்பத் திரும்ப ஒரே எண்ணை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது? வாயால் ஏற்கவில்லை, வாடகையால் ஏற்றுக்கொண்டது. கடலைக்காடு வைத்திருந்தவர்கள் நிலத்தில் லைன் வீடு கட்டினார்கள். பத்துக்குப் பத்து அறை, மேலே சிமெண்டு ஷீட், வரிசைக்கு ஒரு குழாய். ஓர் அறையில் ஆறு பேர், எட்டு பேர். இரவு ஷிப்டு போனவன் பாயில் பகல் ஷிப்டுக்காரன் படுப்பான். வாடகை தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். வாங்கிக்கொண்டு வந்து எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து, "ஊரே இந்திக்காரனுங்களாப் போச்சு அண்ணாச்சி" என்று அங்கலாய்ப்பார்கள்.

இழப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. தேர்வாய்கண்டிகையில் சிப்காட்டுக்காக ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்க்கால் நிலத்தை எடுத்தபோது அந்த ஜனங்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். ஆடு மாடு வைத்துப் பிழைத்தவர்கள் அவர்கள். மேய்ச்சல் போனபின் அங்கிருந்து ஆடு விற்கக் கொண்டுவந்த ஒருவர், "இனிமே குட்டி போட்டா எங்க ஓட்டுறது" என்று கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனதைப் பார்த்தேன். அதே பக்கத்தில் கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர். அதற்கும் நிலம் போனது எங்கள் பக்கத்தில்தான். சென்னைப் பெருநகர எல்லையை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தபோது எங்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். உடனே கவரைப்பேட்டை வரை மனைப்பிரிவுப் பலகைகள். சொந்த வீடு வேண்டிச் செவ்வாய்க்கிழமைகளில் சிறுவாபுரி முருகனிடம் வருகிற கூட்டத்துக்குக் கோயில் போகும் வழியிலேயே துண்டுச்சீட்டுக் கொடுக்கிறார்கள். கடலை விதைத்த நிலத்தில் இப்போது கல் நட்டிருக்கிறது. எங்கள் கடையில் விற்கிற வேர்க்கடலையும் வெளியூரிலிருந்துதான் வருகிறது.

ஆலைக்குள் நடப்பதும் தெருவுக்குத் தெரியும். உருகிய இரும்பு தெறித்து வெந்தவர்கள், விரல் போனவர்கள். எங்களிடம் மாதக் கணக்கு வைத்திருந்த ஒடிசாப் பையன் ஒருவன் முழங்கை வரை கட்டோடு வந்து, இடது கையால் பாக்கியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனான். ஆலையும் ஏஜெண்டும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டிவிட்டார்கள் என்றான். இப்படிப்பட்டவர்களைக் கூட்டிவரும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும், தங்குமிடமும் வைத்திய வசதியும் தரவேண்டும் என்று சட்டம் 1979-இலேயே வந்துவிட்டது. எங்களுக்கு மின்சார ரயில் வந்த அதே வருஷம். ரயில் நேரத்துக்கு ஓடுகிறது. சட்டம் இன்னும் லைன் வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை.

இவர்கள் யார் என்று பஜாருக்குப் புரிந்தது இரண்டு முறை.

முதல் முறை 2020. மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியது. ஆலைகள் அணைந்தன. ஏஜெண்டுகளின் போன்களும் அணைந்தன. ஏப்ரலில் பையன்கள் தோளில் பையோடு ஜி.என்.டி. ரோட்டில் வடக்கே நடந்தார்கள். ஆந்திர எல்லையில் மடக்கித் திருப்பி அனுப்பினார்கள். அப்பா அப்போது இல்லை. போய்ச் சில வருஷமாகியிருந்தது. கடையில் என் தம்பியும் நானும். பாதிக் கதவு திறந்து வைத்து, அவர்களுக்கு அரிசியும் உருளையும் நோட்டில் எழுதிக் கொடுத்தோம். தர்மம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். சரக்கு தேங்கிக் கிடந்தது, வாங்க வேறு ஆளும் இல்லை. மே மாதம் சிறப்பு ரயில்கள் விட்டதும் போய்விட்டார்கள். அதன்பின் கடைகளைத் திறக்க அனுமதி வந்தும் பஜார் திறக்கவில்லை என்றே சொல்லவேண்டும். கட்லா வரவில்லை. லைன் வீடுகளில் பூட்டு. கடுகெண்ணெய் டின்கள் பிரிக்காமல் அடுக்கிக் கிடந்தன. "இந்திக்காரனுங்க" என்று அங்கலாய்த்தவர்கள் அதே பெஞ்சில் உட்கார்ந்து, "எப்ப வருவானுங்க?" என்று கேட்டார்கள். வந்தார்கள். பாக்கி வைத்துப் போனவர்களில் பெரும்பாலோர் முதல் சம்பளத்தில் தீர்த்தார்கள்.

இரண்டாம் முறை 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று போனில் வீடியோக்கள் சுற்றின. எங்கோ, வேறு எதற்கோ நடந்த சண்டைகளை வெட்டி ஒட்டிய பொய். காவல்துறை மறுத்தது, பீகார் அரசின் குழு வந்து விசாரித்தது. அதற்குள் பயம் வேலை செய்துவிட்டது. எங்களிடம் ஏழெட்டு வருஷமாக வாங்குகிற ஒருவன் வந்து, மெதுவாக, "அண்ணா, ரெஹனா டீக் ஹை?" என்று கேட்டான். இருக்கலாமா என்று. எனக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. தம்பி கல்லாவிலிருந்து எழுந்து போய் அவன் தோளில் கை போட்டு, தெருமுனை வரை கூடவே நடந்து கொண்டுபோய் விட்டுவந்தான். அன்று மாலை இன்னும் சில கடைக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள். கூட்டம் போடவில்லை, தீர்மானம் போடவில்லை.

ஆலைகள் சூழ்ந்த வேறு ஊர்களும் இதே பாதையில்தான் வந்திருக்கின்றன. கேரளத்துப் பெரும்பாவூரில் பிளைவுட் ஆலைத் தொழிலாளர்களால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையே உண்டாகியிருக்கிறது. அங்கே வங்காளி, ஒடியா, அசாமியப் பேச்சுத்தான். நம் அரசாங்கமும் மனசு வைத்தால் செய்யமுடியும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகால் சாட்சி. 2024-இல் அங்கே 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தார்கள். செல்போன் செய்கிறவர்களுக்குக் கட்டில் உண்டென்றால், அந்தக் கட்டடத்துக்குக் கம்பி உருக்குகிறவர்களுக்கும் ஒரு கட்டில் உண்டல்லவா?

எங்கள் ஊரில் பூர்வீகம் பேசுகிறவர்களை நான் தடுப்பதில்லை. கேட்டுக்கொண்டே எடை போடுவேன். எங்கள் குடும்பம் தெற்கிலிருந்து வந்தது. அடகுக்கடைக்காரர் ராஜஸ்தானிலிருந்து வந்தவர். எதிர்க் கடைக்காரர் வீட்டில் தெலுங்கு. பக்கத்து டீக்கடைக்காரர் மலையாளி. பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறவர் முகாமில் பிறந்தவர். வெளியிலிருந்து வந்து கடை போட்டவர்களை இந்த ஊர் ஒரு தலைமுறையில் அண்ணாச்சி ஆக்கிக்கொண்டது. வெளியிலிருந்து வந்து வாங்குகிறவர்களுக்கு மட்டும் அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

கேட்பது பெரிய விஷயமில்லை. ஞாயிறு மாலை பஜாரில் கழிப்பிடம் வேண்டும். லைன் வீடுகளில் ஆளுக்கு இத்தனை அடி, இத்தனை குழாய் என்று ஒரு கணக்கு வேண்டும். வாடகை வாங்குகிறவர் ரசீது தரவேண்டும். ஆலை விபத்தில் காயம்பட்டவனுக்கு அவன் மொழியில் படிவம் எழுதிக்கொடுக்க ஓர் ஆள் மருத்துவமனையில் இருக்கவேண்டும். சட்டத்தில் ஏற்கெனவே உள்ளதை அதிகாரிகள் மாதம் ஒருமுறை வந்து பார்த்தால் போதும். இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கடைசி நிலையம் வரை ரயிலில் வந்து எங்கள் கடைவீதியில் ஒரு நடை நடந்து பார்க்கட்டும். ஊருக்கு வருமானம் யார் பையிலிருந்து வருகிறது என்பது அங்கே ஒவ்வொரு கல்லாவிலும் தெரியும்.